கோச்சக்காவின் இடது இடுப்பு

கோச்சக்கா ஒரு வருடமாக யார் கண்ணெதிரிலும் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம். ஏனென்றால் அவருக்கு வேலையே கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது.

டயர் கிடங்குக்குப் பின்னால், உயரமான வலை கட்டிய பயிற்சித் திடல். வரிசையாகப் பதினெட்டுத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பாய், ஒரு வாளி பந்து, கழுத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி. பத்தொன்பது வருடமாகக் காலையில் மூன்று வகுப்பு, மாலையில் மூன்று வகுப்பு. பல் டாக்டர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கல்யாணத்துக்கு முன் தொப்பையைக் குறைக்க வந்த மாப்பிள்ளை என்று எல்லாரும் அவரிடம்தான் முதன்முதலாக மட்டையைப் பிடித்தவர்கள். கோச்சக்கா அவர்களுக்கு எதிரே நிற்பார். பந்து இல்லாமல், வெறும் மட்டையை மெதுவாகச் சுழற்றிக் காட்டுவார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து அவர்களும் சுழற்றுவார்கள். பிறகு பாய்களுக்கு இடையில் நடந்து முழங்கையைத் தட்டுவார், தோளை அழுத்துவார், திட்டுவார்.

"நீங்க ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க கோச்" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நான் அடிச்சா நீங்க வாயைப் பொளந்துக்கிட்டு என்னைப் பாத்துட்டு நிப்பீங்க. வாளில பாதி பந்து அப்படியே இருக்கு. அடிங்க, அடிங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். கோச்சக்காவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அடுத்த பாய்க்கு நகர்ந்துவிடுவார்.

விஷயம் இதுதான். அவர் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பும்; பாதி தூரம் போனதும், ஏதோ மறந்துவிட்டது நினைவுக்கு வந்தாற்போல் வலது பக்கமாக வளைந்து போய் வலையில் விழும். பத்துக்கு எட்டு அப்படித்தான். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசித் தடுப்பில் நின்று ரகசியமாகச் சரிபண்ணப் பார்த்தார். பிடியை மாற்றினார். கால் வைக்கும் அகலத்தை மாற்றினார். மட்டையையே மாற்றினார். கைபேசியில் படம் பிடித்து, சாப்பிடும்போதுகூட அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "தட்டைப் பாத்துச் சாப்பிடு, ஸ்விங் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார் கணவர். எவர் வீச்சில் என்ன கோளாறு என்றாலும் மூன்றாவது பந்தில் சொல்லிவிடும் கோச்சக்காவுக்குத் தன்னுடையது மட்டும் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோல்ஃப் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சியாளர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மைதானத்தில் அடித்துக் காட்டியாக வேண்டும். ஏழாம் நம்பர் மட்டை, பத்துப் பந்து. நூற்றுப்பத்து மீட்டருக்கு அப்பால் சுண்ணாம்புக் கோட்டால் இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம். ஆறு பந்தாவது அதற்குள் விழ வேண்டும். விழாவிட்டால் வகுப்பு எடுக்க முடியாது. திடலில் அவருக்கு வேறு வேலை கொடுப்பார்கள். வாசல் கவுண்டரில் உட்கார்ந்து வாளியில் பந்து அள்ளிக் கொடுக்கும் வேலை. அதில் ஒன்றும் கேவலம் இல்லைதான். ஆனால் கோச்சக்கா என்ற பேரில் பாதி போய்விட்டால் மிச்சம் வெறும் அக்காதான்.

கடிதத்தில் இருந்த தேதிக்கு ஏழு வாரம் இருந்தது.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நாத்தனார். கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருப்பவள். வீட்டுக்கு வந்தவள், அண்ணி தரையில் விழுந்த சாவியை எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, என்ன இது? கிரேன் இறக்கற மாதிரி இறங்கறீங்க?"

"வயசாகுது இல்ல."

"நாப்பத்தாறு ஒரு வயசா? எங்ககிட்ட எண்பது வயசுத் தாத்தா இதைவிட அழகாக் குனியறாரு. படுங்க."

"இப்பவா? அடுப்புல பால் இருக்கு."

"அண்ணன் பாத்துப்பான். டேய் அண்ணா, பால்! நீங்க படுங்க."

கூடத்துத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு காலாக முழங்காலை மடக்கித் தூக்கி, பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பினாள். வலது கால் தாராளமாகத் திரும்பியது. இடது கால் கொஞ்சம் நகர்ந்ததும் கட்டைபோல் நின்றுவிட்டது. நாத்தனார் மறுபடி திருப்பினாள். மறுபடி நின்றது. கைப்பையிலிருந்து கோணம் அளக்கும் கருவியை எடுத்துவந்து அளந்தாள்.

"வலது இடுப்பு நாப்பது டிகிரி. இடது பன்னெண்டு. அண்ணி, ஒரே ஆளுக்கு ரெண்டு வேற வேற இடுப்பு வச்சிருக்கீங்க."

"அதனால என்ன?"

"அடிச்சு முடிக்கறப்போ நீங்க எந்தக் கால் மேல திரும்பி நிப்பீங்க?"

கோச்சக்கா படுத்தபடியே யோசித்தார். வலது கை ஆட்டக்காரர்கள் எல்லாரும் பந்தை அடித்தபின் இடது காலில் எடையை ஏற்றி, இடது இடுப்பின் மேல் உடம்பைத் திருப்பித்தான் முடிப்பார்கள். கதவு கீலில் திரும்புவதுபோல. கீல் துருப்பிடித்திருந்தால் கதவு பாதியில் நிற்கும். உடம்பு நின்றால் கை மட்டும் தனியாக ஓடும். மட்டையின் முகம் திறந்துகொள்ளும். பந்து வலது பக்கம் வளையும்.

ஒரு வருடமாகப் பிடியையும் தோளையும் முழங்கையையும் பார்த்தவர், இடுப்பைப் பார்க்கவே இல்லை.

"உடைஞ்சு கிடைஞ்சு போயிருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. வெறும் இறுக்கம். தசை வேலைசெய்ய மறந்துவிட்டது, அவ்வளவுதான். கோச்சக்கா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தன் எலும்பைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு புரியல," என்றாள் நாத்தனார். "ஒரு பக்கம் மட்டும் இப்படி இறுகணும்னா வருஷக்கணக்கா ஒரே வேலையை ஒரே பக்கமாப் பண்ணியிருக்கணும். நீங்க என்ன பண்றீங்க?"

"கோல்ஃப்தான்."

"கோல்ஃப்ல இடது பக்கம் நல்லாத் திரும்பணும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு."

காரணம் பிடிபடும்வரை காத்திருக்க நேரம் இல்லை. நாத்தனார் ஒரு தாளில் பயிற்சிகளை எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் இப்படியும் அப்படியும் சாய்ப்பது. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. ரப்பர் பட்டையைத் தொடையில் மாட்டிக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பது. பல் தேய்க்கும்போது இடது காலில் மட்டும் நிற்பது. கோச்சக்கா நண்டு நடை நடந்து சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போவதைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்க வீட்டார் பழகிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு டிகிரி இருபத்தெட்டு ஆயிற்று. சாவியை எடுக்கக் குனிந்தால் முனகல் இல்லை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தொடவில்லை. அதிகாலையில் போய் ஆசையாகப் பந்தை அடித்தார்.

பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரம் போய், வலது பக்கம் வளைந்து வலையில் விழுந்தது.

போனில் சொன்னபோது கோச்சக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாத்தனார் அசரவில்லை. "கதவைத் தொறந்து விட்டாச்சு அண்ணி. நீங்கதான் இன்னும் பழைய ஞாபகத்துல ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கறீங்க. உடம்புக்கு இன்னும் நம்பிக்கை வரல. பழைய மாதிரி அடிக்கவே முடியாத நிலைமைல அதை நிறுத்தி வைக்கணும். ஒத்தைக் கால்ல நின்னு அடிக்கறது, முட்டி போட்டு அடிக்கறது, அந்த மாதிரி ஏதாவது உண்டா உங்க கோல்ஃப்ல?"

உண்டு. அதைச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர், அதே திடலில், கம்பிக் கூண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்து பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் நிற்பதைவிடக் கவுண்டரில் போய் உட்காரலாம் என்று கோச்சக்காவுக்குத் தோன்றியது.

அந்த ஆளுக்குப் பேர் சர்க்கஸ். ஐம்பதைத் தாண்டியவர். நாள் முழுக்கத் திடலில் வண்டியை ஓட்டிப் பந்துகளைத் திரட்டுவதுதான் வேலை. கூண்டைக் குறிபார்த்து அடிப்பது வாடிக்கையாளர்களுக்குப் பொழுதுபோக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு வரை, வேலை முடிந்ததும் கடைசித் தடுப்பில் வித்தை காட்டுவார். சோடா மூடியின் மேல் பந்தை வைத்து, மூடி அசையாமல் அடிப்பார். மட்டையின் முகத்தில் பந்தை நாற்பது முறை தட்டித் தட்டி, கீழே விழவிடாமல் அந்தரத்திலேயே அடித்து அனுப்புவார். முட்டிபோட்டு அடிப்பார், முக்காலியில் ஏறி அடிப்பார். சனிக்கிழமையானால் கூட்டம் அவரைச் சுற்றித்தான். "இது பயிற்சித் திடலா, பொருட்காட்சியா?" என்று மேனேஜரிடம் போய்க் கேட்டது கோச்சக்கா. மறுநாளிலிருந்து சர்க்கஸ் பாயில் கால்வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. வழியில் பார்த்தால் சர்க்கஸ் கூண்டுக்குள்ளிருந்து சலாம் மட்டும் வைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று சொல்வது கஷ்டம்.

வண்டிக் கொட்டகையில் கோச்சக்கா வந்து நின்றபோது சர்க்கஸ் சக்கரத்தில் சிக்கிய புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வழி தவறிட்டீங்களா கோச்சக்கா? பொருட்காட்சி மூடி மூணு வருஷமாச்சே."

"எனக்கு ஒத்தைக் கால்ல நின்னு அடிக்கக் கத்துக்கணும்."

இப்போது நிமிர்ந்தார். "எதுக்கு?"

கோச்சக்கா சொன்னார். ஒரு வருடக் கதையை, வளையும் பந்தை, கடிதத்தை, பன்னிரண்டு டிகிரியை. மறைக்காமல் சொல்லி முடித்தபோது, இத்தனை நாளும் சொல்ல இப்படி ஒரு ஆள் கிடைக்காமல்தான் தவித்தோம் என்று தோன்றிற்று.

சர்க்கஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "வளையுதுன்னு எனக்குத் தெரியும். காலைல வலது ஓரத்துல மட்டும் ஒரு குவியல் கிடக்கும். பொறுக்கறவன் நான்தானே?"

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"எனக்கெதுக்கு அந்த வேலை? நான் என்ன மேனேஜர் ரூமுக்கா போறவன்?"

கோச்சக்காவுக்கு எங்கே உறைக்க வேண்டுமோ அங்கே உறைத்தது. அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன் தான் சொன்னது தப்பு என்றும், சர்க்கஸை மறுபடி பாயில் விட வேண்டும் என்றும் சொன்னார். மேனேஜர் இரண்டு முறை காரணம் கேட்டார். இரண்டு முறையும் "நான் சொன்னது தப்பு, அதுதான் காரணம்" என்றார் கோச்சக்கா.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, கடைசித் தடுப்பில் வகுப்பு தொடங்கியது. முதலில் முட்டிபோட்டு அடிப்பது. தரையைத்தான் அடித்தார். "எழுந்து நிக்கப் பாக்காதீங்க அக்கா. கால்தான் இல்லையே, இடுப்பைச் சுத்தினாத்தான் உண்டு" என்றார் சர்க்கஸ். அடுத்தது இடது காலில் மட்டும் நின்று, வலது காலின் நுனிவிரலைப் பின்னால் ஊன்றி அடிப்பது. கோச்சக்கா மூன்று முறை தள்ளாடி, நான்காவது முறை மின்விசிறியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா. அது வாடகை விசிறி."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை அக்கா. மூணு வருஷமா அடக்கி வச்சது, தானா வருது."

ஒரு வாரத்தில் தள்ளாட்டம் நின்றது. நண்டு நடையும் பல் தேய்க்கும்போது நின்ற நிலையும் அங்கேதான் கைகொடுத்தன. கால் நடுங்காமல் தாங்கியது. ஒற்றைக் காலில் அடித்த பந்துகள் தூரம் போகவில்லை, ஆனால் நேராகப் போயின. இரண்டு காலையும் ஊன்றினால் மறுபடி பழைய வளைவு. அன்றைக்கு வெறுத்துப்போய் உட்கார்ந்துவிட்ட கோச்சக்காவிடம், யாரோ விட்டுப்போன சாமான்கள் கிடக்கும் அலமாரியிலிருந்து இடது கைக்காரர் மட்டை ஒன்றை எடுத்துவந்து நீட்டினார் சர்க்கஸ்.

"இது சும்மா வேடிக்கைக்கு. எதிர்ப்பக்கம் நின்னு அடிங்க. பந்து போகாது, நாம சிரிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்."

கோச்சக்கா எதிர்ப்பக்கம் நின்றார். வீசினார்.

சத்தமே வேறாக இருந்தது. ஈரத்துணியை உதறியதுபோல் ஒரே ஒரு 'டப்'. பந்து நேராகக் கிளம்பி, நேராகவே போய், வலையின் நடுவில் பட்டு விழுந்தது. கோச்சக்கா உடம்பு முழுதும் திரும்பி, ஓவியத்துக்கு நின்றாற்போல் முடித்திருந்தார்.

சர்க்கஸ் வாளியிலிருந்து அடுத்த பந்தை எடுத்து வைத்தார். பிறகு, "இன்னொண்ணு" என்றார்.

இன்னொன்றும் அப்படியே. அடுத்ததும்.

"அக்கா, நீங்க தினமும் வகுப்புல வீசிக் காட்டறதும் இதே ஸ்விங்தானே? வண்டில போறப்போ பாத்திருக்கேன். அச்சு அசல்."

கோச்சக்கா மட்டையைக் கீழே வைத்தார். எதிரே நின்று, கண்ணாடிபோல் காட்டியதெல்லாம் எதிர்ப்பக்க வீச்சு. வகுப்புக்குப் பதினைந்து இருபது முறை, நாளுக்கு ஆறு வகுப்பு, பத்தொன்பது வருடம். தன் சொந்த வீச்சை அவர் வாரத்துக்கு இரண்டு வாளி அடித்திருந்தால் அதிகம். உடம்பு எதை அதிகம் செய்ததோ அதைக் கற்றுக்கொண்டது; மற்றதை மறந்தது. எதிர்ப்பக்கம் வீசும்போது பந்து எங்கே போகும் என்ற கவலையும் கிடையாது, பந்தே கிடையாது. அதனால்தான் அப்படி முழுசாகத் திரும்பி முடிக்கிறார்.

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் அந்தப் பக்கம் கைதட்டிய சத்தம் கேட்டது. "அண்ணி, உங்களை வச்சு ஆஸ்பத்திரில பாடம் எடுக்கலாம்!"

"பேசாம இந்தக் கையாலயே டெஸ்ட்டுக்குப் போயிடுங்களேன்" என்றார் சர்க்கஸ். அது நடக்காது, சங்கத்தின் பதிவில் வலது கை என்று இருந்தது. ஆனால் வழி கிடைத்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரு வீச்சு. அந்த முடிவில் உடம்பு எப்படி நின்றது என்று மனதில் வாங்கிக்கொள்வது. உடனே இந்தப் பக்கம் வந்து, அதே மாதிரி முடிப்பதை மட்டும் நினைத்து ஒன்று அடிப்பது. பந்தை நினைக்கக் கூடாது. முதல் நாள் பத்துக்கு மூன்று நேராகப் போயின. பிறகு ஐந்து. கடைசி வாரம் ஏழு. வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தார். எதிரே நிற்பதை விட்டு, மாணவர்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று வீசினார். "கோச் கோவமா இருக்காங்களா?" என்று தலைமையாசிரியை பக்கத்துப் பாயில் விசாரித்தார்.

தேர்வு நாளில் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பயிற்சியாளர்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் வருடக்கணக்காகத் தெரிந்தவர்கள். பரிசோதகர் மடக்கு நாற்காலியில், மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் கட்டத்தின் ஓரமாக ஒருவர் இரண்டு கொடிகளோடு நின்றார். உள்ளே விழுந்தால் வெள்ளை, வெளியே என்றால் சிவப்பு.

கோச்சக்காவின் முறை வந்தது. எதிர்ப்பக்கம் வீச மட்டையைத் தூக்கினார். பின்னால் இருந்த அத்தனை கண்களும் முதுகில் குத்தின. இத்தனை பேர் முன்னால் அது எப்படித் தெரியும்? சர்க்கஸ் வேலை என்றுதான். மட்டையை இறக்கி, நேரே பந்தின் முன் போய் நின்று அடித்தார். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மூன்றாவது எப்படியோ கட்டத்துக்குள் ஓடி விழுந்தது, வெள்ளை. நான்காவது பந்து புதருக்கே போய்விட்டது. கொடிக்காரர் சிவப்பைத் தூக்கக்கூட அவசரப்படவில்லை.

நாலில் ஒன்று. மிச்சம் ஆறு பந்து, ஐந்து வேண்டும்.

அந்த இடத்தில்தான் கோச்சக்காவுக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. இதற்குமேல் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? மட்டையை எடுத்துக்கொண்டு பந்தின் எதிர்ப்பக்கம் போனார். இடது கை ஆட்டக்காரர்போல் நின்று, காற்றில் ஒன்று வீசி, முழுசாகத் திரும்பி முடித்தார். பின்னால் யாரோ "என்னாச்சு அக்காவுக்கு? பக்கம் மறந்துபோச்சா?" என்றார். ஒரு சிரிப்பு கேட்டது. கோச்சக்கா இந்தப் பக்கம் வந்து அடித்தார்.

வெள்ளை.

ஆறாவதுக்கும் அதேபோல். வெள்ளை. ஏழாவது, வெள்ளை. பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டாவது பந்து சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விழுந்தது போலிருந்தது. கொடிக்காரர் நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு பக்கம் குனிந்து பார்த்தார். அந்த மனிதர் இரண்டு கொடிகளையும் ஒரே கையில் வைத்திருந்தார். பிரித்து எடுக்கவே ஒரு யுகம் ஆனது. வெள்ளை.

ஒன்பதாவதை அடித்ததும் கோச்சக்கா பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி முடித்த நிலையிலேயே, இடது காலில் உறுதியாக நின்றார். இடுப்பில் வலி இல்லை, பிடிப்பு இல்லை. வெள்ளைக் கொடியை அவர் பார்க்கும் முன் பின்னால் கைதட்டல் கேட்டுவிட்டது.

"ஆறு ஆயிடுச்சு," என்றார் பரிசோதகர். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"அடிச்சே ஆகணுமா?"

"அட்டைல பத்துக் கட்டம் இருக்கும்மா."

பத்தாவது பந்து வலது பக்கம் வளைந்து புதருக்குள் போயிற்று. கோச்சக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருடமாகத் தூக்கத்தைக் கெடுத்த அதே வளைவு. இப்போது யாரோ வீட்டுப் பிள்ளை ஓடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கையெழுத்துப் போடும்போது பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் போய் வீசினீங்களே, அது என்ன?" கோச்சக்கா சொன்னார். பரிசோதகரும் முப்பது வருடம் மாணவர்களுக்கு எதிரே நின்று கண்ணாடிபோல் காட்டியவர். அவர் கை மெல்லத் தன் இடது இடுப்பைத் தடவியது. "உங்க நாத்தனார் எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?" என்றார்.

கோச்சக்கா பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று பேருக்குப் போன் போட்டார். கணவர் "அப்பாடா" என்றார். நாத்தனார் "நாளைக்கும் நண்டு நடை உண்டு, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். சர்க்கஸ் பதிலுக்கு வண்டி ஹாரனை நீளமாக அடித்தார். போனைப் பைக்குள் வைத்தது மட்டும்தான் கோச்சக்காவுக்கு நினைவு.

யாரோ தோளைத் தொட்டார்கள். பேருந்து காலியாக இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. டிரைவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கடைசி ஸ்டாப். எங்க இறங்கணும் நீங்க?"

கோச்சக்கா வெளியே பார்த்தார். அவருடைய நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"இதே வண்டி திரும்பிப் போகுமா?"

"போகும். கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

"நல்லதாப் போச்சு," என்று சொல்லி, கோச்சக்கா பையைத் தலைக்கு வாகாக வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். "அதுவரைக்கும் எழுப்பாதீங்க."